பத்தாம் நம்பர் தூண்டில் நூல்

ஆந்திர எல்லையில் தறிகளுக்குப் பேர்போன நகரியில் பிறந்து வளர்ந்தவனிடம் வந்து நூலைப் பற்றிப் பாடம் எடுத்தால் எனக்குக் கோபம் வரும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் சுர்ரென்று ஏறும். வீட்டிலேயே நான்கு பவர்லூம் தறி ஓடுகிறது. நடைபாதையில் கிடக்கிற ஒரு இழையைப் பார்த்து இது இத்தனாம் நம்பர், இது சேலைக்கு, இது துண்டுக்கு என்று சொல்லிவிடுவேன். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. கேட்காதவனையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். அந்தத் திமிர் ஒரு தூண்டில் நூலிடம் மாட்டிக்கொண்டு சீரழிந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் அந்தத் தூண்டிலே வந்தது.

அவளுக்குத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையலும் ஆறிவந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை. மூன்று வாய் வைப்பாள். நான்காவது வாய்க்குத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இட்லி, கஞ்சி, ரசம், சுரைக்காய்க் கூட்டு, முட்டை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சமைத்துப் பார்த்தேன். நான் சமைத்தால் நல்ல உடம்புக்காரனுக்கே இறங்காது என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த குழம்புக்கும் அதே மூன்று வாய்தான்.

இரண்டாவது தடவை காட்டப் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்த வேண்டியதுதான்" என்றார். வெளியே வந்ததும் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன திரும்பவும் அந்தக் கட்டில்ல படுக்க வெக்காதயா. நான் செத்துப்பூடுவேன்."

எதற்கும் பயப்படாதவள் அவள். தறி ஓடும்போதே கையை விட்டு அறுந்த இழையைப் பிணைப்பவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. பஸ்ஸில் நகரி வரும்வரை அவள் கை என் சட்டையை விடவில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், தட்டைத் தள்ளிவிட்டுச் சும்மா சொல்வதுபோல் சொன்னாள்:

"ஏரி விராலா இருந்தா ரெண்டு வாய் கூட துன்னுவேன் போலகீது."

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். பெரிய விரால் ஒன்றை உயிரோடு வாங்கிவந்து குழம்பு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "இது தொட்டில வளந்துது. தீவனம் துன்ன மீனு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். மீனிலும் நம்பர் பார்ப்பவள். எனக்கு ஏற்ற ஜோடிதான், போங்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற ஏரியில் விரால் உண்டு. ஆனால் அது கரையில் கிடக்காது. தாமரை இலைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி, இலைக்கு அடியில் படுத்திருக்கும். என்னிடம் இருந்த மூங்கில் தூண்டிலும் மண்புழுவும் அவ்வளவு தூரம் எட்டாது. ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகனிடம் போனில் புலம்பினேன். அவன் நான்காம் நாள் பார்சலில் ஒரு கழியும் ரீலும் அனுப்பிவிட்டான். கூடவே ரப்பரில் செய்த இரண்டு தவளைகள்.

"நைனா, இது பெய்ட்காஸ்டிங் ரீலு. தவளைய தாமர மேல வீசி மெதுவா இழுத்தா, விரால் நெஜத் தவளன்னு பாஞ்சி புடிக்கும். லைன் மட்டும் இதுல வராது. கடையில கேட்டு நல்லதா வாங்கிக்கோ."

"நூல் வாங்கறதுக்கு நான் கடக்காரன கேக்கணுமா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அந்த ரீல் உள்ளங்கைக்குள் அடங்கும். கழியின் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு சின்ன உருளை, அதில்தான் நூலைச் சுற்ற வேண்டும். பொத்தானை அமுக்கிக் கழியை வீசினால், தவளை பறக்கும், உருளை சுழன்று நூலை விடும். வீசுகிறவனின் கட்டைவிரல் அந்த உருளையை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தவளை தண்ணீரில் விழுகிற நொடியில் அழுத்தி நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் தவளை நின்றுவிடும், உருளை நிற்காது. நூல் எல்லாம் பொங்கி உருளைக்கு மேல் குருவிக்கூடாகக் குவிந்துவிடும். இதையெல்லாம் மகன் ஒரு வீடியோ அனுப்பிக் காட்டினான். நானும் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தேன்.

மாத்திரை வாங்கத் திருப்பதி போன நாளில் நூலும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான் விற்கிற கடை. கிரிக்கெட் மட்டைகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் தூண்டில் சாமான்களும் வைத்திருந்தார்கள். கண்ணாடி போன்ற நைலான் நரம்பு ஒரு பக்கம். பின்னல் நூல் இன்னொரு பக்கம். நூல் என்று கண்ணில் பட்டதும் கை தானாக அங்கே போயிற்று. டப்பாக்களின் மேல் பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று போட்டிருந்தது.

இங்கேதான் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். எங்கள் தறித் தொழிலில் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். இருபதாம் நம்பர் முரட்டுத் துண்டுக்கு. நூறாம் நம்பர் கல்யாண வேட்டிக்கு. குழந்தைக்கும் தெரியும். எனக்கு வேண்டியது விராலை இழுக்கிற முரட்டு நூல். ஆக, பத்து.

கடைக்காரர் இளைஞர், தெலுங்குக்காரர். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வத்தன்னா, வேணாம். அதி சன்னம். விராலுக்கு நாப்பது எடுங்க."

சன்னமாம்! பத்து சன்னமாம், நாற்பது தடிமனாம். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

"நாக்கு தெலுசு," எனக்குத் தெரியும் என்று அவர் பாஷையிலேயே ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். "நகரிக்காரன் கிட்டயே நூலுக்கு நம்பர் சொல்றியா தம்பி? உங்க தாத்தா கட்டிக்கினு இருந்த வேட்டி எங்க ஊர்ல நெய்ஞ்சதா இருக்கும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு டீ குடித்தேன்.

வீட்டில் டப்பாவைப் பிரித்தபோது நூல் கொஞ்சம் சன்னமாகத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்பவே சன்னமாகத் தெரிந்தது. முறுக்கு அதிகமாக இருக்கும், அதனால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி உள்ளே படுத்திருந்தாள். அவளிடம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பது எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்குப் போனேன். வீசினேன். குருவிக்கூடு. பிரித்தேன். வீசினேன். மறுபடியும் குருவிக்கூடு. ஏழோ எட்டோ தடவைக்குப் பிறகு ஒரு வீச்சு ஒழுங்காகப் போய், தவளை ஒரு தாமரை இலையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தது. மெதுவாக இழுத்தேன். இலையிலிருந்து தண்ணீருக்குள் அது வழுக்கி இறங்கியதும், டமால் என்று தண்ணீர் வெடித்தது. அப்படி ஒரு விரால்! கருகருவென்று அதன் முதுகை நான் பார்த்தேன். குழம்புக் கிண்ணமும் அவள் முகமும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன.

கைப்பிடியைச் சுற்றினேன். ஜோராகச் சுற்றியது. ஆனால் நூல் வரவில்லை! உருளை உள்ளே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, மேலே இருக்கிற நூல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஐயோ, என்னடா அநியாயம் என்று கழியைக் கீழே போட்டுவிட்டு நூலைக் கையால் பிடித்து இழுத்தேன். ஆள்காட்டி விரலைக் கத்திபோல் அறுத்தது. நான் ஆ என்றேன், நூல் டப் என்றது. விராலும் போயிற்று, தவளையும் போயிற்று.

கையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து திண்டாட்டத்தையெல்லாம் கொட்டினேன். ரீல் அனுப்பிய மகனைத் திட்டினேன், ரீல் செய்த கம்பெனியைத் திட்டினேன், நூல் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். அவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"நூலக் குடு."

கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாள். இருபத்தைந்து வருடமாகத் தார் சுற்றுகிற விரல்கள் அவை. தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவதுதான் அவள் வேலை.

"இன்னாயா இது, தலமுடி மாதிரி கீது? எத்தினாம் நம்பரு?"

"பத்து."

"கடைல வேற நம்பர் இருந்துச்சா?"

"நாப்பது, அம்பது கூட இருந்துது. கடக்காரன் நாப்பது எடுன்னான். நான்தான்..."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "யோவ், அது நூலு நம்பர் இல்லயா. எத்தினி வெயிட்டு தாங்கும்ன்ற நம்பர் அது. ஏற ஏற தடியாவும். நம்ம கணக்கு அங்க தலகீழு."

அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியது எனக்கு இரண்டு நாளாக விளங்கவில்லை. அசடு வழிய நின்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதயா, தையல் வலிக்குது" என்று சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். இன்றைக்குச் சாப்பிட்டுவிடுவாள் என்று நினைத்து ஓடிப்போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தேன். மூன்று வாய். தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் போக இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

திரும்பவும் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் என் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார். நாற்பதாம் நம்பர் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். "எங்க தாத்தா வேட்டி கட்டல அண்ணா, பேண்ட்தான்" என்றார். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரப் பையன், கடை நன்றாக நடக்கட்டும்.

நூலை இந்தத் தடவை அவளே சுற்றுகிறேன் என்றாள். எழுந்து தார் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உருளையைக் கையில் வாங்கியதும் விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கண்ணாடி மாதிரி வழுக்குதே. இது மேல நூலச் சுத்துனா எப்டி நிக்கும்? அதான் அன்னிக்கி உள்ள தனியா சுத்திச்சி."

தார்க்குச்சியில் நூல் பிடிப்பதற்குச் சொரசொரப்பு இருக்கும். இதில் இல்லை. அவள் யோசித்துவிட்டு அலமாரியைக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்திரிச் சுருளில் மிச்சம் அங்கே இருந்தது. தையலுக்கு மேல் ஒட்டிய அதே பிளாஸ்திரி. ஒரு துண்டு கிழித்து உருளையில் ஒட்டி, அதன் மேல் நூலை ஆரம்பித்தாள். ஈரத்துணியில் நூலைப் பிடித்து இறுக்கமாக, ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒரு வரியாகச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் அதைப் பார்த்து அவளுக்கே கர்வம் வந்துவிட்டது.

"நானும் வரேன். நான் சுத்துன நூலு எப்டி ஓடுதுன்னு பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். மறுநாள் டாக்டர். ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் பாயைப் போட்டு உட்காரவைத்தேன். அவளுக்கு ஒரு சின்ன டப்பாவில் இட்லி இரண்டு. எனக்கு ஒரு பெரிய தூக்குவாளியில் கேழ்வரகுக் களியும், பக்கத்து வீட்டம்மா கொடுத்த கருவாட்டுக் குழம்பும். விரால் பிடிக்க நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தால் வயிறு தாங்க வேண்டுமே.

அவள் பார்க்கிறாள் என்ற மிதப்பில் முதல் வீச்சை ஓங்கி வீசினேன். காற்று எதிரே அடித்தது. தவளை பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது, உருளை நிற்கவில்லை. கட்டைவிரல் எங்கே போயிற்றோ! நான் அதுவரை கண்டிராத ஒரு குருவிக்கூடு. கூடு இல்லை, வைக்கோல் போர். அவள் வரிவரியாகச் சுற்றியது அத்தனையும் பிதுங்கிக் கிடந்தது.

ஆத்திரத்தில் கத்தியை எடுத்தேன்.

"கத்திய எடுத்தே, கைய ஒடிச்சிப்புடுவேன்!"

தறி வீடுகளில் அது ஒரு வழக்கம். அறுந்ததைப் பிணைக்கலாம். சிக்கியதை அறுக்கக் கூடாது. சிக்கை அறுத்தால் அந்தத் தறியில் மறுபடி மறுபடி சிக்கும் என்பார்கள். நான் நம்பமாட்டேன், ஆனால் அறுக்கவும் மாட்டேன். அன்றைக்கு அறுக்கத் துணிந்தேன் என்றால் எவ்வளவு ஆத்திரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கொண்டா இங்க" என்று கழியை மடியில் போட்டுக்கொண்டாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தாள். ஒரு கண்ணியைத் தூக்கினாள், ஒன்றைத் தளர்த்தினாள், ஒன்றை வாயில் கவ்விக்கொண்டாள். எங்கள் தறிக் கொட்டகையில் எவ்வளவு மோசமான சிக்கு வந்தாலும் அவளிடம்தான் போகும். அவள் முகம் மாறிவிட்டது. புருவம் சுருங்கி, நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. நான் என்னவோ கேட்டேன்.

"கம்னு கெட. எண்ணிக்கினு கீறேன். போய் அந்தத் தவளயப் பாரு, எதுலயோ மாட்டிக்கினுகீது."

தவளை காற்றில் ஒதுங்கி, ஏரிக்குள் நின்ற ஒரு வேலமர முள்ளில் மாட்டியிருந்தது. கரையைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் இறங்கி, முள்ளில் காலைக் கிழித்துக்கொண்டு அதை முள்ளிலிருந்தும் நூலிலிருந்தும் கழற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது. எனக்கு அகோரப் பசி. களியை நினைத்துக்கொண்டே கரையேறி வந்தேன்.

கழி புங்கமரத்தில் சாய்ந்திருந்தது. நூல் ஒரு வெட்டு இல்லாமல் முழுசாக உருளைக்குத் திரும்பியிருந்தது, வரிவரியாக. பக்கத்தில் என் தூக்கு திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். களி இல்லை. குழம்பும் இல்லை. இட்லி டப்பாவும் காலி. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள்.

"கொலப் பசி எடுத்துச்சியா" என்றாள், திருடி மாட்டிக்கொண்ட குரலில். "சிக்கு எடுத்து முடிச்சதும் கை தானா தூக்குகிட்ட போயிடுச்சி. எல்லாம் துன்னுட்டேன். உனுக்கு ஒண்ணுமே வெக்கல."

மறுநாள் டாக்டரம்மா எடை பார்த்தார், தாளைப் பார்த்தார். சாப்பிட ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டார். நான் களிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கட்டில் இப்போது வேண்டாம், பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்றார். அதற்குப் பிறகு கட்டிலுக்கு வேலையே வரவில்லை. விராலும் பிறகு ஒரு நாள் கிடைத்தது. தின்றுவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு மாதிரி வராது" என்றாள். அதெல்லாம் அப்புறம்.

அன்றைக்குப் புங்கமரத்தடியில் காலித் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடியில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? கோவமா?"

"இல்லமே. எனக்குப் பசியில்ல" என்றேன்.

"அப்போ வீசு. நூலு ரெடியா கீது."

தவளையை நூலில் மாட்டி, கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனேன். கண் கலங்கியிருந்ததால் தாமரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. வீசினேன். தவளை எங்கேயோ போய் விழுந்தது. கட்டைவிரலை வைக்க மறந்துவிட்டேன். உருளை பொங்கி வழிந்தது.

வேண்டுமென்றே செய்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். சத்தியமாக இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் தலையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.